குறையுள்ள கிருமி தந்த மருந்து

நெஞ்சுவலிக்கு முதல் மருந்து நேரம். எந்த டொக்டரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகிற குழாயில் ஒரு இரத்தக்கட்டி அடைத்துக்கொண்டால், அந்த நிமிடத்திலிருந்தே இதயத் தசை கொஞ்சம் கொஞ்சமாகச் சாகத் தொடங்கும். பெரிய நகரங்களில் உடனே ஆஞ்சியோ செய்து அடைப்பை எடுக்கலாம். மடுல்சீமையிலோ பூணாகலையிலோ நமுனுகுல மலைச்சரிவிலோ ஒரு லயத்தில் நடுராத்திரி வலி வந்தால் கதை வேறு. முதலில் ஒரு வாகனம் கிடைக்க வேண்டும். பிறகு தோட்டத்து ரோட்டில் குலுங்கிக் குலுங்கி மெயின் ரோட்டுக்கு இறங்க வேண்டும். 2016ல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய 1990 சுவசெரிய ஆம்புலன்ஸ் சேவை 2018இலிருந்து மற்ற மாகாணங்களுக்கும் வந்தது. அது பெரிய உதவிதான். ஆனால் மலை வளைவுகளை ஆம்புலன்ஸாலும் நேராக்க முடியாதே.

அதனால் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு முக்கியமான கேள்வி, போய்ச் சேருகிற முதல் ஆஸ்பத்திரியில் கட்டியைக் கரைக்கும் மருந்து இருக்கிறதா என்பதுதான். இலங்கையின் ஆஸ்பத்திரிகளில் பல பத்தாண்டுகளாக அந்த வேலையைச் செய்துவந்தது ஸ்ட்ரெப்டோகைனேஸ். சின்னப் போத்தலில் வெள்ளைத் தூள். கரைத்து, 15 இலட்சம் அலகு மருந்தை ஒரு மணி நேரத்தில் சேலைனோடு ஏற்றுவார்கள். இப்போது அதைவிடப் புதிய மருந்துகளும் வந்துவிட்டன. ஆனால் விலை குறைந்தது, பரவலாகக் கிடைத்தது, ஏழை நாடுகளில் அதிக உயிர்களைக் காத்தது எது என்று கேட்டால் இந்தத் தூளைத்தான் சொல்ல வேண்டும்.

இந்தத் தூள் ஒரு புரதம். ஒரு கிருமியின் சொத்தை எடுத்து இன்னொரு கிருமியிடம் கொடுத்து அதைச் செய்விக்கிறார்கள். உயர்தர உயிரியல் புத்தகத்தில் மீள்சேர்க்கை டீ.என்.ஏ என்று வருமே, அதுதான் இது. பாடத்தில் சில பக்கங்களில் முடிந்துவிடுகிற விஷயம். அதற்குப் பின்னால் இருக்கிற வரலாறு நீளமானது. அதில் தோட்டத்துப் பிள்ளைகளான எங்களுக்கு ரொம்பப் பழக்கமான ஒரு விஷயமும் இருக்கிறது.

தொண்டைவலிக் கிருமி

1933ல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் வில்லியம் டில்லெட் என்ற மருத்துவர் தொண்டைவலி தருகிற ஸ்ட்ரெப்டோகொக்கஸ் பற்றீரியாவை ஆராய்ந்துகொண்டிருந்தார். அந்தக் கிருமியைக் கலந்தால் இரத்தம் உறையாது என்பது அவருடைய எதிர்பார்ப்பு. அப்படி நடக்கவில்லை. குழாயில் இருந்தது நன்றாகவே உறைந்தது. சோதனை தோற்றுவிட்டது என்று விட்டுவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பப் பார்த்தால் உறைந்தது மறுபடி தண்ணீராகிக் கிடந்தது. கிருமி உறைவதைத் தடுக்கவில்லை, உறைந்த பிறகு கரைத்துவிட்டது.

அது எப்படி நடக்கிறது என்பது 1940களில் தெளிவானது. எங்கள் இரத்தத்திலேயே கட்டியைக் கரைக்கும் நொதியம் ஒன்று தூங்கிக்கொண்டிருக்கிறது. கிருமியின் புரதம் அதை எழுப்பிவிடுகிறது. அவ்வளவுதான். 1950களின் கடைசியில் மாரடைப்பு நோயாளிகளுக்கு அதை ஏற்றிப் பார்த்தார்கள். நம்பிக்கை இருந்தது, நிரூபணம் இல்லை. நிரூபணம் வர 1986 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இத்தாலியில் 11,000க்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்து நடந்த ஜிஸ்ஸி ஆய்வில், சாதாரண சிகிச்சை பெற்றவர்களில் 100க்கு 13 பேர் மூன்று வாரத்துக்குள் இறந்தார்கள். ஸ்ட்ரெப்டோகைனேஸ் பெற்றவர்களில் அது 10.7 ஆகக் குறைந்தது. வலி தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் மருந்து ஏறியவர்களில் மரணம் கிட்டத்தட்டப் பாதியானது. இரண்டு வருஷம் கழித்து 17,187 பேரோடு நடந்த இன்னொரு ஆய்வு, கூடவே ஆஸ்பிரினும் கொடுத்தால் பலன் இன்னும் அதிகம் என்று காட்டியது.

இனி உலகம் முழுக்க இந்த மருந்து வேண்டும். எங்கிருந்து எடுப்பது? 1940களிலிருந்து எச் 46 ஏ என்ற ஒரே ஸ்ட்ரெப்டோகொக்கஸ் இனத்தைத்தான் பெரும்பாலும் வளர்த்துவந்தார்கள். அதில் இரண்டு சிக்கல். ஒன்று, அது நோய்க்கிருமி. தேவையான புரதத்தோடு தேவையில்லாத நச்சுகளையும் சேர்த்தே வெளியே விடும், அதைச் சுத்தம் செய்து எடுக்க வேண்டும். இரண்டு, விளைச்சல் குறைவு.

1984ல் இதற்கு ஒரு வழி பிறந்தது. அப்போதைய கிழக்கு ஜெர்மனியின் ஜேனா நகரத்தைச் சேர்ந்த ஹோர்ஸ்ட் மால்க்கேயும், அமெரிக்காவின் ஒக்லஹோமாவைச் சேர்ந்த ஜோசப் பெரெட்டியும் சேர்ந்து ஸ்ட்ரெப்டோகைனேஸின் பரம்பரையலகை வெட்டியெடுத்து ஈ.கோலை பற்றீரியாவுக்குள் வைத்தார்கள். பனிப்போரில் இரண்டு பக்கம் நின்ற நாடுகளின் ஆட்கள் அவர்கள். ஈ.கோலை அந்தப் புரதத்தைச் செய்தது. ஆய்வுக்கூடத்தில் வளர்க்கிற ஈ.கோலை சாது. 20 நிமிடத்தில் இரண்டாகப் பெருகும், மலிவான தீனியில் வளரும்.

ஆனால் செய்ய வைப்பது வேறு, நிறையச் செய்ய வைப்பது வேறு. அந்நியப் புரதம் ஒன்று உள்ளே உருவானால் ஈ.கோலை பல நேரம் அதைக் குப்பை என்று நினைத்து வெட்டிப்போடும். அதற்கென்றே அதனிடம் வெட்டும் நொதியங்கள் இருக்கின்றன. இதற்குத் தீர்வு புதிதாகச் செய்த எந்த மெஷினிலும் கிடைக்கவில்லை. ஒரு குறைபாட்டில்தான் கிடைத்தது.

குறையே நிறை

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ஈ.கோலையில் 'பி' என்று ஒரு இனம். 1943ல் சல்வடோர் லூரியா, மக்ஸ் டெல்புரூக் என்ற இரண்டு பேர் இந்த இனத்தை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒருவர் இத்தாலியிலிருந்து தப்பி வந்த யூதர், மற்றவர் ஜெர்மனியை விட்டு வந்தவர். அவர்களுடைய கேள்வி இது: வைரஸ் தாக்கும்போது சில பற்றீரியாக்கள் மட்டும் பிழைக்கின்றனவே, வைரஸைக் கண்ட பிறகு மாறுகின்றனவா, இல்லை முன்பே தற்செயலாக மாறியிருந்தவை பிழைக்கின்றனவா? ஒரு விருந்தில் காசு போட்டு ஆடும் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் சோதனை முறை தோன்றியதாம் லூரியாவுக்கு. அந்த மெஷின் பெரும்பாலும் ஒன்றும் தராது, எப்போதாவது கொட்டும். பற்றீரியாவும் அப்படித்தான் நடந்துகொண்டது. விகாரம், அதாவது பரம்பரையலகில் வருகிற மாற்றம், தேவையைப் பார்த்து வருவதில்லை. தற்செயலாக வருகிறது. எது நிற்கும் என்பதைத்தான் சூழல் முடிவு செய்கிறது. இந்தப் பணிக்கும் இதைத் தொடர்ந்தவைக்கும் 1969ல் நோபல் பரிசு கிடைத்தது.

அதே 'பி' இனத்தின் மேல் எவலின் விட்கின் என்ற இளம் பெண் ஆய்வாளர் 1944ல் புறஊதா ஒளியைப் பாய்ச்சினார். ஏறக்குறைய எல்லாம் செத்தன, ஒரு சில மட்டும் மிஞ்சின. மிஞ்சியவற்றை எடுத்து அவர் ஆராய்ந்த வேலை, டீ.என்.ஏ தன் சேதத்தை எப்படிச் சரிசெய்கிறது என்ற பெரிய துறைக்கு வழி திறந்தது. 'பி' ஏன் ஒளிக்கு இவ்வளவு பலவீனமாக இருந்தது? காரணம் வெகுகாலம் கழித்துத் தெரிந்தது. புரதங்களை வெட்டும் 'லொன்' என்ற நொதியத்தை அந்த இனம் இழந்திருந்தது. அதன் பரம்பரையலகுக்கு முன்னால் வேறொரு டீ.என்.ஏ துண்டு போய்ச் செருகிக்கொண்டதால் வந்த விகாரம் அது. ஒளியைத் தாங்க முடியாத நோஞ்சான் கிருமி.

ஆனால் வெட்டும் கத்தி இல்லாத கிருமி என்றால் என்ன அர்த்தம்? உள்ளே செய்த அந்நியப் புரதம் வெட்டுப்படாமல் தப்பும் என்று அர்த்தம்!

1986ல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் வில்லியம் ஸ்டடியரும் பார்பரா மொபட்டும் அந்த 'பி' வழியில் வந்த பி.எல். 21 என்ற இனத்தைப் புரதம் செய்யும் தொழிலாளியாக்கினார்கள். லொன் அதில் இல்லை. 'ஓம்ப்-டி' என்ற இன்னொரு கத்தியும் இல்லை. வைரஸிலிருந்து எடுத்த, அசுர வேகத்தில் ஓடும் ஒரு எஞ்சினை அதற்குள் பூட்டினார்கள். மருந்து செய்கிற ஒவ்வொரு நிறுவனமும் தன் சொந்த இனத்தை வைத்திருக்கும். ஆனால் உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் புரதம் செய்யக் கை முதலில் போவது இன்றும் பி.எல். 21 குடும்பத்தின் பக்கம்தான்.

கதை அதோடு நிற்கவில்லை. எஞ்சின் வேகம் அதிகமானதால் சில புரதங்களைச் செய்யும்போது கிருமியே செத்தது. முழுச் சக்தியும் ஒரே வேலைக்குப் போனால் உயிர் வாழ என்ன மிஞ்சும்? 1996ல் கேம்பிரிட்ஜில் புரூனோ மிரூவும் ஜோன் வோக்கரும் இதற்கு ஒரு எளிய வழி எடுத்தார்கள். கிருமிகளைக் கொல்லும் அளவுக்கு வேலை வாங்கினார்கள், பிழைத்தவற்றைத் தேடினார்கள். பிழைத்தவற்றில் பல வேலையையே விட்டுவிட்டவை. ஆனால் சில, வேலையும் செய்தன, உயிரோடும் இருந்தன. முன்பைவிட அதிகப் புரதமும் தந்தன. அவைதான் சி 41, சி 43 என்ற இனங்கள். என்ன மாறியது என்று 2008ல் தெரிந்தது. அந்த அசுர எஞ்சினின் சுவிட்சில் ஒரு விகாரம். எஞ்சின் மெதுவாகிவிட்டது. மெதுவானதால் கிருமி பிழைத்தது, பிழைத்ததால் விளைச்சல் கூடியது.

மலைக்குத் தெரிந்த பாடம்

இதை வாசிக்கிறபோது எங்களுக்குத் தேயிலை மலைதான் ஞாபகம் வருகிறது. வீ.பி. தேயிலை என்று எங்கள் வீடுகளில் சொல்கிறோமே, அது என்ன? நல்லாய் விளைகிற ஒரு தாய்ச் செடியைக் கண்டுபிடித்து, அதிலிருந்து கிளையை நறுக்கி நட்டு, ஒரே மாதிரிச் செடிகளால் மலையை நிரப்புவது. 1925ல் தொடங்கப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையை மையமாக வைத்து இந்த வேலையைச் செய்தது. பசறையில் அதன் ஊவாக் கிளை இருக்கிறது. டி.ஆர்.ஐ 2025 என்ற நம்பரை மலையில் வேலை செய்கிறவர்களும் அறிவார்கள். ஆயிரம் விதைச் செடிகளுக்கு நடுவே இயற்கை தற்செயலாகச் செய்துவைத்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்துப் பொறுக்கியதுதான் அது. பி.எல். 21ம் சி 41ம் வந்த வழியும் இதுதான். இயற்கை வித்தியாசத்தைத் தருகிறது, மனிதன் பொறுக்குகிறான்.

இரண்டுக்கும் ஒரே ஆபத்தும் உண்டு. ஒரே தாயின் பிள்ளைகளால் மலை முழுக்க நிரம்பினால், அந்தத் தாய்க்கு இருந்த பலவீனம் மலை முழுக்க நிரம்பும். வைரஸ் ஒன்று உள்ளே நுழைந்தால் ஒரே இனக் கிருமி நிறைந்த தொட்டி முழுசும் நாசமாவதும் அதனால்தான்.

சி 41 சொல்கிற பாடம் இதைவிடக் கூர்மையானது. ரவுண்டுக்கு ரவுண்டு அடித்துப் பறித்தால் செடி தளர்ந்துவிடும் என்பது கொழுந்து எடுக்கிற எங்கள் அம்மாமார்களுக்குத் தெரியும். கவ்வாத்து வெட்டி மலையை ஓய விடுவதும் அதற்குத்தானே. செடிக்குக் கொடுக்கிற அந்த ஓய்வு, செடியிலிருந்து பறிக்கிற கைக்கு என்றைக்காவது கிடைத்திருக்கிறதா? சொன்ன கிலோ வராவிட்டால் அரைப்பேர். வேலை வாங்கும் அளவுக்கு ஒரு எல்லை உண்டு, எல்லையை மீறினால் விளைச்சலே போகும் என்று ஒரு கிருமியின் விஷயத்தில் விஞ்ஞானம் எழுதிவைத்துவிட்டது. தோட்டத்துக் கணக்குப் புத்தகம் மட்டும் அதை இன்னும் எழுதிக்கொள்ளவில்லை.

யார் செய்தார்கள், யார் வாங்கினார்கள்

திரும்ப மருந்துக்கு வருவோம். ஸ்ட்ரெப்டோகைனேஸுக்கு ஒரு வசதி இருக்கிறது. அது பற்றீரியாவின் சொந்தப் புரதம், அமைப்பும் எளிது. அதே வேலையைச் செய்யும் விலையுயர்ந்த மருந்தான அல்டெப்லேஸ் மனிதப் புரதம். அதை விலங்கின் உயிரணுக்களில் வளர்த்து எடுக்கிறார்கள், செலவு பல மடங்கு. ஸ்ட்ரெப்டோகைனேஸை ஈ.கோலையிலேயே செய்யலாம். அதனால்தான் பணக்கார நாடுகள் அல்லாதவர்களும் இந்தக் களத்தில் இறங்க முடிந்தது.

முதலில் இறங்கியவர்களில் கியூபா ஒன்று. எங்களைப் போலவே ஒரு தீவு. எங்களைப் போலவே ஒரு தோட்டப் பயிரை நம்பி வாழ்ந்த நாடு, அவர்களுக்குக் கரும்பு. அமெரிக்காவின் பொருளாதாரத் தடை வேறு. 1986ல் ஹவானாவில் மரபணுப் பொறியியலுக்கும் உயிர்த்தொழில்நுட்பத்துக்கும் என்று ஒரு பெரிய மையத்தைத் திறந்தார்கள். ஈ.கோலையில் ஸ்ட்ரெப்டோகைனேஸ் செய்து, ஹெபர்கினாசா என்ற பெயரில் தங்கள் ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுத்தார்கள்.

இந்தியாவில் சண்டிகரில் இருக்கிற நுண்ணுயிர்த் தொழில்நுட்ப நிறுவனத்தில் கிரிஷ் சாஹ்னியின் குழு இந்த வேலையில் இறங்கியது. இயற்கை இனத்திலிருந்து எடுக்கும் முறையை முதலில் உருவாக்கினார்கள், பிறகு மீள்சேர்க்கை முறை. இரண்டாவது மருந்தைச் செய்தது சென்னையின் ஷாசன் நிறுவனம். குளோட்பஸ்டர், லூபிஃப்ளோ என்ற பெயர்களில் அது சந்தைக்கு வந்தது. அதற்குப் பிறகு, கட்டி இருக்கிற இடத்தில் மட்டும் வேலை செய்கிற மாதிரிப் புரதத்தையே மாற்றியமைத்தார்கள். பழைய மருந்து உடம்பு முழுக்க இரத்தத்தை இளக்கிவிடும், அதனால் இரத்தக்கசிவு ஆபத்து உண்டு என்பதுதான் அதற்குக் காரணம். அந்தப் புது வடிவத்துக்கான உரிமத்தை 2006ல் ஒரு அமெரிக்க நிறுவனம் வாங்கியது.

அப்போது இலங்கை எங்கே இருந்தது? இந்த வரலாற்றில் எங்கள் மாகாணத்துக்கும் ஒரு இடம் உண்டு. ஊவாவில், மொனராகலை மாவட்டத்தில் பிபிலை என்று ஒரு ஊர். அந்த ஊர்ப்பெயரைத் தன் பெயரில் தாங்கியவர் மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே. கம்பெனிப் பெயருக்குப் பணம் கொட்டாமல் மருந்தின் பொதுப்பெயரில் வாங்குவோம், உலகச் சந்தையில் விலை கேட்டு மொத்தமாக வாங்குவோம், தேவையான மருந்துகளை மட்டும் பட்டியலிட்டு வாங்குவோம் என்றார் அவர். 1971ல் உருவான அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவரும் அவரே. 1977ல் அவர் காலமானார். உலக சுகாதார அமைப்பு தன் முதல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டதும் அதே வருஷம்தான். மருந்தை நியாய விலைக்கு வாங்குவது எப்படி என்று மூன்றாம் உலக நாடுகளுக்குக் காட்டிக்கொடுத்தது எங்கள் நாடு.

வாங்குவதில் முன்னால் நின்ற நாடு, செய்வதில் அப்படி நிற்கவில்லை. மாத்திரைகள் செய்ய 1987ல் ஒரு அரச நிறுவனம் வந்தது. ஆனாலும் எங்கள் மருந்துகளில் பெரும்பகுதி இன்றும் கப்பலிலும் விமானத்திலும்தான் வருகிறது. 2022ல் டொலர் தீர்ந்தபோது இதன் விலை என்னவென்று எல்லோரும் பார்த்தோம். அவசரமில்லாத ஒப்பரேஷன்களை ஆஸ்பத்திரிகள் தள்ளிப்போட்டன. வெளியே வாங்கிக்கொண்டு வாருங்கள் என்று கையில் துண்டு கொடுத்தார்கள். கையில் காசிருந்தவர்கள் பார்மசி பார்மசியாக அலைந்தார்கள். நாட்சம்பளக்காரர் எங்கே அலைவது? அந்த டொலரைச் சம்பாதித்துக் கொடுத்ததில் தேயிலைக்கு எவ்வளவு பங்கு என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

1986ஐ இன்னொரு தடவை பாருங்கள். ஜிஸ்ஸி ஆய்வு வந்த வருஷம், பி.எல். 21 வந்த வருஷம், ஹவானா மையம் திறந்த வருஷம். இலங்கைப் பாராளுமன்றம் நாடற்றவர்களுக்குக் குடியுரிமை கொடுக்கும் சட்டம் ஒன்றை நிறைவேற்றியதும் அதே வருஷம்தான். 1948ல் பறித்ததைத் திருப்பிக் கொடுக்க அவ்வளவு காலம். உலகம் கிருமிக்கு வேலை கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்த நாட்களில், எங்கள் தாத்தா பாட்டிமார் தாங்கள் எந்த நாட்டு ஆட்கள் என்ற கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டிருந்தார்கள். ஆய்வுக்கூடத்தின் பக்கம் எங்கள் ஆட்கள் ஏன் போகவில்லை என்று யாராவது கேட்டால் இந்தக் கணக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இப்போது நிலைமை கொஞ்சம் வேறு. 2005இலிருந்து பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. தோட்டப் பாடசாலைகளிலிருந்தும் பிள்ளைகள் உயிரியல் எடுத்துப் படிக்கிறார்கள். ஆனால் விஞ்ஞானப் பிரிவு இல்லாத தோட்டப் பாடசாலைகள் இன்னும் இருக்கின்றன. உயர்தரம் படிக்க டவுனுக்கு வரத்தான் வேண்டும். பஸ் காசு, ரியூஷன் காசு, தங்கும் இடம் என்று எல்லாம் சேர்ந்து பலரை வழியிலேயே கலைப்பிரிவுக்குத் திருப்பிவிடுகிறது. விருப்பத்தோடு கலை படிப்பது வேறு, வேறு வழியில்லாமல் படிப்பது வேறு.

டில்லெட் தோற்ற சோதனையைத் திரும்பிப் பார்த்தார். விட்கின் செத்துக் கிடந்தவற்றுக்கு நடுவே மிஞ்சியவற்றை எடுத்தார். மிரூவும் வோக்கரும் மெதுவாக வேலை செய்ததைத் தூக்கி எறியவில்லை. நோஞ்சான் என்று ஒதுக்கியிருக்கக்கூடிய ஒரு இனம்தான் உலகத்துக்குப் புரதம் செய்து கொடுக்கிறது. பார்க்கிறதற்கு ஒரு ஆள் அங்கே இருந்தார் என்பதால்தான் இதெல்லாம் நடந்தது. மலையில் நின்று ஒரு செடிக்கும் அடுத்த செடிக்கும் வித்தியாசம் பார்க்கத் தெரிந்த கண்கள் எங்கள் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. அந்தக் கண்களுக்கு ஒரு நுணுக்குக்காட்டியும், அதன் முன்னால் உட்கார ஒரு கதிரையும் கிடைக்க வேண்டும். பசறையிலும் லுணுகலையிலும் ஹப்புத்தளையிலும் ஒவ்வொரு தோட்டப் பாடசாலைக்கும் விஞ்ஞான ஆசிரியரைக் கேட்பது இதற்காகத்தான். நெஞ்சுவலி வந்து இறங்குகிற எங்கள் ஆளுக்கு, முதல் ஆஸ்பத்திரியில் அந்தச் சின்னப் போத்தல் இருக்க வேண்டும் என்பதற்காகவும்தான்.